கூக்காலுக்கு நடந்து போக வழி

வழி சொல்வது பலர் நினைப்பதைவிடக் கடினமான வேலை. வழி தெரிந்தவன் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவான், அவன் காலுக்கு அது பழகிப்போயிருக்கும். நான் எழுதும்போது, கேட்டவர் மலைக்குப் புதியவர், ரப்பர் செருப்பு போட்டிருக்கிறார், பத்து அடிக்கு மேல் எதுவும் தெரியாத பனிமூட்டத்தில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வேன். அப்படி எழுதினால் யாருக்கும் புரியும்.

கடைவீதியில் யாகூப் பாயின் ஸ்டேஷனரி கடைச் சுவரில் ஒரு பலகை இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஊரில் யாருக்கு எது தெரியவேண்டுமென்றாலும் ஒரு தாளில் எழுதிக் குத்திவைப்பார்கள். தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதிக் குத்துவார்கள். ஸ்டவ் திரி எங்கே கிடைக்கும், சுவரில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது, பேரிக்காயில் ஜாம் எப்படிப் போடுவது. காசு கிடையாது, பேர் போடவேண்டியதும் இல்லை. பெரும்பாலான பதில்கள் என்னுடையவை. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்குப் படிக்க நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் நடப்பேன். அந்தப் பலகையால் இந்த ஊர் என்னை மதித்தது. சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒருவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கஸ்பார் எனக்கு இங்கே கிடைத்த முதல் நண்பன். ஆரம்பப் பள்ளி வாத்தியார். எனக்கு வாடகைக்கு அறை பார்த்துக் கொடுத்தவன், காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவன். அவனுக்கு நடை அவ்வளவாகப் பிடிக்காது. பேச்சுத் துணைக்காகப் பேத்துப்பாறை வரை வருவான், பிறகு முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவான். தன் சித்தி மகள் இசபெல்லாவை எனக்குக் கட்டிவைக்கலாம் என்று முதலில் பேச்சை எடுத்தவனும் அவன்தான். அவளும் டீச்சர். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மாதா கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை முதல் முறை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். அன்று மத்தியானம் நானும் கஸ்பாரும் பேத்துப்பாறைப் பக்கம் நடந்தோம். எனக்கு மனம் நிறைந்திருந்தது. நிறைந்த மனது வாயைத் திறந்துவிடுகிறது. சோலையம்மாளைப் பற்றி அவனிடம் சொன்னேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். கண்டியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது. அவள் ஆட்கள் முறைப்படி நடந்தது, கோயில் கல்யாணம் இல்லை. கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, வேலை தேடிக்கொண்டு வருகிறேன் என்று இங்கே வந்தேன். வேலை கிடைத்தது. திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபிறகு லேசாக இருந்தது. கஸ்பார் புல்லைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஓலையை வாசிக்கவில்லை. சாமியார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். வெளியே வந்தபோது கஸ்பார் வாசலில் நின்றான். ஓடி ஒளிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"நான்தான் சொன்னேன். வேற யாரையும் நெனைக்காத" என்றான்.

"உன்ன நம்பித்தானடா சொன்னேன்."

"அவ என் தங்கச்சிடா. அங்க ஒரு பொம்பளப்புள்ள கைக்குழந்தையோட ஒன்னப் பாத்துக் காத்துக் கெடக்கு. நான் எப்புடிடா வாய மூடிட்டு இருக்க? போயி அவளக் கூட்டிட்டு வா. வீடு நான் பாத்துத் தாரேன்."

வீடு பார்த்துத் தருகிறானாம். ஒருவன் நெஞ்சைத் திறந்து காட்டியதை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவனுக்கே உபகாரம் செய்வதுபோல் பேசுவது. என் பேரும் உபகாரம்தான், ஆனால் அந்த மாதிரி உபகாரம் நான் யாருக்கும் செய்ததில்லை. அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை. இசபெல்லா ஒருமுறை ஏரிக்கரையில் எதிரே வந்தாள். நின்று, "அவங்களப் போய்க் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் அவன் சொல்லிக்கொடுத்த பேச்சு.

இந்த வருஷம் அவனை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூக்கால் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்தச் சமயம் பெய்த மழையில் சாலை சரிந்து பஸ் நின்றுவிட்டது. பலகையில் ஒரு தாள் வந்தது. 'கூக்காலுக்கு நடந்து போக வழி தெரிந்தவர்கள் எழுதவும். மிகவும் உதவியாக இருக்கும்.' பேர் இல்லை. கஸ்பாரின் கையெழுத்து எனக்குத் தெரியாதா. இந்த ஊரில் அந்த வழியை எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று அவனுக்கும் தெரியும். யாகூப் பாய்கூடச் சிரித்துக்கொண்டே, "சமாதானத்துக்கு வாராரு போல, உபகாரம் சார். ரெண்டு வரி எழுதிப் போடுங்க" என்றார்.

ரெண்டு வரி இல்லை, ஒரு தாள் முழுக்க எழுதினேன். வெள்ளனே கிளம்புங்கள். அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையை நனைத்துக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஓடையைக் கல் மேல் கால் வைத்துத் தாண்டாதீர்கள், பாசி இருக்கும், தண்ணீரிலேயே இறங்கி நடங்கள். சோலைக்குள் திசை தெரியாவிட்டால் நின்று ஓடைச் சத்தத்தைக் கேளுங்கள், அது எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும். நான் எழுதியவற்றிலேயே இதுதான் சிறந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் தடம் இரண்டாகப் பிரியும். மேட்டில் ஏறும் மங்கலான தடம் கூக்காலுக்குப் போகிறது. வலப்பக்கம் சரிவில் இறங்கும் தடம் நன்றாகத் தெரியும், மாடுகள் மிதித்து மிதித்துத் தெளிவானது. மாடுகள் பாதியில் திரும்பிவிடும். தடம் இன்னும் கொஞ்சம் போய், புல் மூடிய விளிம்பில் முடியும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பனிமூட்டம் இருந்தால் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. நான் 'வலப்பக்கம் இறங்குங்கள்' என்று எழுதினேன். மற்றதெல்லாம் உண்மை.

அவன் கையில் மட்டும் கொடுத்திருந்தால் அது குற்றமாகத் தெரிந்திருக்கும். பலகையில் குத்தினால் அது ஊருக்குச் செய்த உதவி. வேறு யாராவது அதைப் பார்த்துப் போய்விட்டால் என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். அந்த மழையில் கூக்காலில் யாருக்கு என்ன சோலி இருக்கப்போகிறது என்று பட்டது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவன் கிளம்பிய அன்று காலை நான் கடைவீதிக்குப் போனேன். யாகூப் பாய் கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

"இப்பத்தான் கெளம்புனாங்க சார், வாத்தியாரும் அவுக தங்கச்சியும். அண்ணனுக்கு அங்க வீடு ஒதுங்கவைக்க ஆளு வேணும்ல. நான்கூட, இந்த மழையில நீயும் எதுக்கும்மா போறேன்னேன். அந்தப் புள்ள பலகையில உங்க தாளக் காமிச்சு, 'அவங்க எழுதினா வழி தப்பாது பாய்'னுச்சு. வெரசாப் போனா ஏரி முக்குலயே புடிச்சிரலாம், சொல்லிட்டு வாரீங்களா?"

பிடித்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அவர்கள் மூட்டையோடு மெல்லத்தான் போயிருப்பார்கள். ஆனால் பிடித்து என்ன சொல்வது? 'அந்த ஒரு வரி மட்டும் தப்பு' என்றால், ஏன் தப்பு என்று கஸ்பார் கேட்பான். அவனிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லி நான் பட்டது போதும். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். மலை முழுக்க மூட்டம் இறங்கியிருந்தது. பிறகு வீட்டுக்குப் போய் அதே தாளை, அந்த வரியை மட்டும் 'மேட்டில் ஏறுங்கள்' என்று திருத்தி எழுதிக்கொண்டுவந்து, பழையதை எடுத்துவிட்டுக் குத்தினேன். யாகூப் பாய் அதைப் பார்த்ததாக விசாரணையில் உங்களிடம் சொன்னது சரி. மலையில் நடந்தது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் நான் அதைச் செய்தேன் என்று அவர் சொன்னதும் சரி.

இசபெல்லா முன்னால் நடந்திருக்கிறாள். கஸ்பாருக்கு முட்டி வலி, பின்தங்கிவிட்டான். விளிம்பிலிருந்து விழுந்தபோது அவள் சத்தம்கூடப் போடவில்லையாம். அவளைத் தேடி இறங்கப் பார்த்து அவன் காலை உடைத்துக்கொண்டான். பலகையைப் பார்த்து அவன் எழுதிக்கொண்டுபோன தாளும் எங்கோ போய்விட்டது. விறகு வெட்டப் போனவர்கள் அவனைத் தூக்கிவந்தார்கள், அவளை மறுநாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினான். போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீ சரியாத்தான்டா எழுதியிருப்ப. பலகையில போய்ப் பாக்கச் சொன்னேன், மேலன்னுதான் இருக்குதாம். நான்தான் மாத்திப் படிச்சு எந் தங்கச்சியக் கொன்னுட்டேன்."

"அழாத. யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். அவன் என்னை நம்பினான். நம்பிக் கெடுவது எப்படி இருக்கும் என்று அவனுக்கு இப்போதும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியை நான் தெரிந்தே எழுதினேன். கஸ்பார் விழவேண்டும் என்று எழுதினேன். இசபெல்லாவும் போகிறாள் என்று தெரிந்தபிறகும் சும்மா இருந்தேன். இதில் எதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவளும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் கிளம்பினாள், அதையும் சேர்த்து எழுதுங்கள். என் அறை அவள் போகிற வழியில்தான் இருக்கிறது. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். நேரில் வந்து கேட்ட யாருக்கும் நான் இதுவரை தவறான வழி சொன்னதில்லை.