மேடையில் சொன்ன ராஜி

பார்வதியம்மாள்: அந்த மாலையக் கழத்துங்க. ஆட்டோக்காரன் கண்ணாடியில பாத்துப் பாத்து சிரிக்கான்.

கோமதிநாயகம்: சிரிக்கட்டும். சுவாமிதாஸ் போட்ட மாலையாக்கும். சங்கத்துல என்கூடப் பிணங்கி, ஒரு வார்த்த மிண்டாம இருந்த மனுஷன்...

பார்வதியம்மாள்: இன்னிக்கு மட்டும் என்ன வந்துதாம்?

கோமதிநாயகம்: நான் மைக்கைப் பிடிச்சு "இனி நான் ராஜி"ன்னேன்லா? நான் சொன்னது இந்த ஊரு மலையாளத்து ராஜி. தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிய விடுதேன்னு.

பார்வதியம்மாள்: எனக்கு மனசிலாச்சு. அதக் கேட்டுட்டுத்தானே ஆட்டோ பிடிக்க இறங்கிப் போனேன்.

கோமதிநாயகம்: அவன் தமிழ்நாட்டு வள்ளியூர்க்காரன்லா... ராஜின்னா சமாதானம்னு நெனச்சுட்டான். ஓடி வந்து கட்டிப்பிடிச்சு, விருந்தாளிக்கு வாங்கி வச்ச மாலைய என் கழுத்துல...

பார்வதியம்மாள்: ஐயோ. விருந்தாளியா வந்த அந்த வெளிநாட்டு முன்னாள் ஜனாதிபதி என்ன செய்தாரு?

கோமதிநாயகம்: அவருதான் முதல்ல கைதட்டினாரு.

பார்வதியம்மாள்: நல்ல மனுஷன். ராணுவத்தை எதுத்து ஜெயில்ல கிடந்து, தேர்தல்ல ஜெயிச்சு நாட்ட ஆண்டு...

கோமதிநாயகம்: தோத்த அன்னிக்கே சாவியக் குடுத்துட்டு பஸ்ஸுல வீட்டுக்குப் போனாராம். இப்பமும் ஜனநாயகம் ஜனநாயகம்னு தேசம் தேசமா அலையுதாரு. அந்த இங்கிலீஷ் எனக்கு எங்க பிடிபடும்? நீ பக்கத்துல நின்னு அவரு பேச்ச தமிழ்ல சொன்னதால தப்பிச்சேன்.

பார்வதியம்மாள்: ம்...

கோமதிநாயகம்: பார்வதி, ஒண்ணு தோணுது. எல்லாரும் சமாதானம்னே நெனச்சிருந்தா... நானும் அதத்தான் சொன்னேன்னு இருந்துட்டா என்ன? நாற்காலியும் இருக்கும், சுவாமிதாஸும் இருப்பான்.

பார்வதியம்மாள்: "இருங்க இருங்கன்னு சொல்லும்போதே எழுந்திரிக்கணும், பின்னால நிக்கவங்களுக்கும் கால் வலிக்கும்." மேடையில கேட்டது அதுக்குள்ள மறந்தாச்சா?

கோமதிநாயகம்: அதக் கேட்டுத்தானே எழுந்தேன். அவரு பேச்சுலயே எப்பேர்ப்பட்ட வார்த்த.

பார்வதியம்மாள்: ஒரு காரியம் சொன்னா கோவப்படக் கூடாது.

கோமதிநாயகம்: சொல்லு.

பார்வதியம்மாள்: அது... அவர் சொல்லல்ல. நானாச் சேத்தது.

கோமதிநாயகம்: ஹஹ்ஹா!

பார்வதியம்மாள்: என்னங்க... சிரிக்கியளா?

கோமதிநாயகம்: உன் வாயால வரட்டும்னுதான் சீண்டினேன். நாளைக்கே சுவாமிதாஸ்கிட்ட ராஜினாமான்னு தெளிவாச் சொல்லிருதேன்.

பார்வதியம்மாள்: அப்போ... முன்னமே தெரியுமா?

கோமதிநாயகம்: அந்த அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும். நீ அதச் சொல்லும்போது அவரு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. நீ சொன்னதக் கேட்டுத்தான் நான் எழுந்தேன்.