ஜன்னல் வெட்டிய அக்கா

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, என் சக ஊழியர்களே! வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்களைக் கேட்டதும் வயிறு எரிகிறது.

"ஒப்பற்ற ஊழியர்" என்றீர்கள், ஐயா! கதிர்வீச்சு அறையில் இருபது வருடம் நின்ற அந்த ஒப்பற்ற ஊழியரை வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுத உட்கார வைத்தது யார்?

இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது உடல் அசையாமலிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை மேலே போர்த்தி அச்சு எடுக்கிறோம். கதிர் தோலைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் முழு வேகம் எடுக்கும். தகடு தோலோடு ஒட்டிக் கிடந்தால் அந்த வேகத்தைத் தோலிலேயே எடுத்துவிடும். தொடையிடுக்கு வெந்து போகும். ஒரு நோயாளி அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்: "நோவைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்மா. இந்த எரிச்சல் தாங்கலை. ஒண்ணுக்குப் போகவே பயமா இருக்கு."

மறுநாள் அக்கா கத்தரியோடு என் அறைக்கு வந்தார். "தம்பி, கதிர் நுழையுற இடத்துல மட்டும் ஜன்னல் வெட்டிடறேன். இடுப்பெலும்பைப் பிடிக்கிற இடத்தைத் தொடமாட்டேன். நீ அளந்து பாரு."

கதிரை அளப்பதுதானே என் வேலை? அளந்தேன். உடல் அசையவில்லை. தோல் வாங்கும் கதிர் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் ஜன்னல் அக்கா. "ஜன்னல் மட்டும்தானாக்கா, கதவு கிடையாதா?" என்று நோயாளிகள் கேலி பேசுவார்கள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது, ஐயா!

ஆனால் வெட்டிய தகட்டை மறுபடி இளக்கி அடுத்தவருக்கு அச்சு எடுக்க முடியாதாம். "உபகரணச் சேதம்" என்று விசாரணை வைத்தீர்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அளவுத்தாள் என் சட்டைப்பையில் இருந்தது. வாயைத் திறந்தேனா? வேலை போய்விடுமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். ஜன்னல் வெட்டத் தடை போட்டு, அக்காவைச் சீட்டு எழுத அனுப்பினீர்கள். வெளியே வந்து, "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். "எங்கிட்ட ஏன் சொல்றே? உள்ளே படுத்திருக்கிறவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

இதோ அந்த அளவுத்தாள்! நாளைக் காலை இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். முதல் நோயாளியின் அச்சை நானே வெட்டுவேன். தடுக்கிறவர்கள் வந்து தடுங்கள்.

இப்போது இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்லப்போகிறீர்கள். நீங்கள் நில்லுங்கள். என் பங்கு மௌனத்தை அக்கா உயிரோடு இருந்தபோதே கடைப்பிடித்துவிட்டேன்.