பெட்டிக்குள் போன வயர்

இதை எழுதினால் யாருக்காவது வில்லங்கம் வந்துவிடுமோ என்று பல வருடங்கள் தயங்கினேன்.

இலங்கையில் யுத்த காலம். பலாபத்வல ராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் சாமான் பெட்டி, அதில் புதிதாகப் பூட்டிய இரண்டு சிவப்பு லைட்.

"ஏங்க, பெட்டிக்குள்ள வயர் போனா ஆமிக்காரன் என்ன நெனப்பான்?"

"பிரேக் லைட்டுனு நெனப்பான். பெட்டி பழைய லைட்ட மறைக்குதுனுதானே போட்டேன்? லொறிக்காரன் இடிக்க வந்தது மறந்துபோச்சா?"

வயரைக் கண்டதும் குண்டோ என்று சிப்பாய் துப்பாக்கியை நீட்டியபடி பின்வாங்கினான். கணவர் சிங்களத்தில், "பிரேக் லைட்டு சேர். நீங்களே மிதிச்சுப் பாருங்க" என்றார்.

"நீ மிதி" என்றான் சிப்பாய், இன்னும் தள்ளி நின்று.

வரிசை கலைந்து ஓடியது. நான் மட்டும் ஓடாமல் நின்றேன். மாரியம்மனைக் கும்பிட்டேன்.

கணவரோடு வந்த அந்த அம்மா பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மிதிங்க."

மிதித்தார். லைட் எரிந்தது. சிப்பாய் துப்பாக்கியை இறக்கிச் சிரித்துவிட்டான்.

"ஒரு பக்கந்தாங்க எரியுது" என்றார் அம்மா.

"போற வழியில பாத்துக்கிறேன், ஏறு."

கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன். பிறருக்குச் சொல்லும்போது அந்த அம்மாவை அழவைத்துவிடாதீர்கள். அவர் அழவில்லை.