தெம்பனிஸ் கேட்ட இரண்டு பேர்

எனக்குக் கால்பந்து ஆட வராது, சார். பள்ளிக்கூடத்தில்கூட ஆடியதில்லை. ஆனாலும் ஒன்பது வருடமாக எங்கள் தொழிலாளர் விடுதி அணியின் மேனேஜர் நான்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு மைதானம் பிடிப்பது, லாரிக்குச் சொல்வது, யார் இறங்குவது, யார் உட்காருவது என்று பேர் எழுதுவது எல்லாம் என் வேலை. மற்ற ஆறு நாளும் செங்காங்கில் நாங்கள் கட்டும் அடுக்குமாடியில் சாரத்துக்குச் சூப்பர்வைசர். பெயர் ரகுபதி.

சின்னராசுவையும் சேவியரையும் நான்தான் கண்டுபிடித்தேன். வேறு கேங்கில் சிமெண்டு மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். மேலே பேசி என் கேங்குக்கு மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் லேசான வேலையாகப் பார்த்துக் கொடுப்பேன், மறுநாள் கால் ஓய்ந்துபோகக் கூடாது என்று. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சின்னராசு பந்தோடு ஓடினால் எதிரணி ஆட்களே ஒரு கணம் நின்று பார்ப்பார்கள்.

இந்த வருடம் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றோம். கடைசி இடத்துக்குப் போனால் லீக்கை விட்டே எடுத்துவிடுவார்கள். லிட்டில் இந்தியாவில் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் கூட்டம் போட்டோம். கேப்டன் வெங்கடேஷ் பேச்சை எடுத்தான்.

“அண்ணே, தெம்பனிஸ் விடுதி டீம் சின்னராசுவையும் சேவியரையும் கேக்குறாங்க. பதிலுக்கு நாலு பேர் தர்றாங்க லா. ஒரு கோலி, மூணு டிஃபெண்டர். நாம கோல் போடாம தோக்கலண்ணே, தடுக்க ஆளில்லாம தோக்குறோம்.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கை தூக்கச் சொன்னார்கள். என்னுடையதைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது. சின்னராசுவும் தூக்கினான், பிரியாணி ஒட்டிய கையை.

“டீமுக்கு நல்லதுன்னா போறேண்ணே. அங்க போனாலும் நான் உங்க ஆளுதானே,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆளாக்கிவிட்டவன் நான். அழ வேண்டாம், முகமாவது வாட வேண்டாமா? சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருவன் போகிறேன் என்கிறான்.

லீக்கில் பேர் மாற்றிப் பதிவதற்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் சின்னராசுவுக்குக் கணுக்கால் பிசகினால் தெம்பனிஸ்காரர்கள் வேண்டாம் என்றுவிடுவார்கள். மூன்று மாதத்தில் சரியாகி எங்களுக்கே ஆடுவான். ஆத்திரம் இருந்தது, ஆனால் ஆத்திரத்தில் செய்யவில்லை. யோசித்துத்தான் செய்தேன்.

ஒவ்வொரு சாரத்திலும் ஏணியடியில் ஒரு டேக் தொங்கும், சார். சிவப்பு என்றால் ஏறக் கூடாது. பச்சை என்றால் ஏறலாம், சோதித்தவன் கையெழுத்து அதில் இருக்கும். என் கேங்கில் யாரும் பலகையைத் தட்டிப் பார்ப்பதில்லை. என் கையெழுத்தைப் பார்ப்பார்கள், ஏறிவிடுவார்கள். அப்படிப் பழக்கியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கு மூலையில் மூன்றாம் தட்டுப் பலகைகள் கட்டப்படாமல் கிடந்தன. சிவப்பு தொங்கியது. அதை எடுத்துவிட்டுப் பச்சையில் கையெழுத்துப் போட்டு மாட்டினேன். முதல் தட்டாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று அங்கே வேலை இல்லை. இருவரையும் மூன்றாம் தட்டுக்கு அனுப்பினேன்.

சேவியர்தான் டேக்கைப் பார்த்தான். “பச்சைதான் மச்சான், அண்ணன் சைன் இருக்கு, ஏறு,” என்றான். கையை நீட்டினால் தடுக்கிற தூரத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பலகை சரிந்து விழுந்த சின்னராசுவிடம் எல்லோரும் ஓடினார்கள். நான் ஏணியடிக்குப் போய்ப் பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை மறுபடி மாட்டிவிட்டு, அப்புறம்தான் அவனிடம் போனேன். கணுக்கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தலையில்தான் அடிபட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான்.

பச்சையைப் பார்த்தேன் என்று சேவியர் சொல்லிக்கொண்டே இருந்தான். நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்று அவனை நம்பவைத்தேன். நாலு நாளாக, “நான்தாண்ணே ஏறச் சொன்னேன்,” என்று அழுகிறான். முதுகைத் தட்டிக் கொடுக்கிறேன். இனி எந்த அணிக்கும் ஆட மாட்டானாம். ஆக, தெம்பனிஸுக்கு இருவருமே போகவில்லை.

நான் பேசாமலே இருந்திருப்பேன். ஆனால் நேற்று நீங்கள் காட்டிய விபத்து விசாரணை அறிக்கையில், ‘சிவப்பு டேக்கைப் பொருட்படுத்தாமல் ஏறினார்’ என்று எழுதியிருக்கிறது. படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. என் ஆட்டக்காரனைக் கவனக்குறைவானவன் என்று எழுத எவனுக்கும் உரிமை இல்லை. அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள். நான் மாட்டிய பச்சையைப் பார்த்து, என் கையெழுத்தை நம்பித்தான் ஏறினான். என்னை அவ்வளவு நம்பியவன் தெம்பனிஸுக்குப் போயிருப்பானா, சார்?