பங்காவுக்குக் கீழே ஒரு தொரை

வெங்கடப்பன்: கயிறு நிக்குது பாரு. இழுண்ணா. உள்ள தொரை தூங்குறாரு.

திம்மராயன்: இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... வேர்வையத் தொடைக்கக் கூடாதா?

வெங்கடப்பன்: தலைக்கு மேல ஆடுற பங்கா நின்னா முழிச்சுக்குவாரு. அப்புறம் இந்தச் சர்க்காரு பங்களாவுல எனக்கு வாட்ச்மேன் வேலை இருக்காது.

திம்மராயன்: வெயில்ல வேகறவன் நானு, காத்து வாங்குறவரு அவுரு. வெள்ளக்காரன் கப்பலேறுனப்ப இந்தக் கயித்தையும் கூடவே கொண்டுபோவான்னு பாத்தேன்... மறந்துட்டான் போல.

வெங்கடப்பன்: மெதுவாப் பேசுண்ணா.

திம்மராயன்: ஓசூர் பங்களாவுல கரண்டு ஃபேனு மாட்டிட்டாங்களாம். நம்ம பங்களாவுக்கு நாந்தான் கரண்டு. ஆமா... எந்த ஊரு தொரை?

வெங்கடப்பன்: சேலம்.

திம்மராயன்: சேலத்துலேர்ந்து ஜீப்பு இல்லாமயா வந்தாரு?

வெங்கடப்பன்: ஜீப்பு... ரிப்பேரு. கிருஷ்ணகிரிக்கு அனுப்பியிருக்காரு.

திம்மராயன்: பூட்ஸும் ரிப்பேரா? வாசல்ல காணமே.

வெங்கடப்பன்: உள்ளயே கழட்டிட்டாரு.

திம்மராயன்: கூட ஏவலுக்கு ஓடி வர்ற டபேதாரு இல்ல, பொட்டி படுக்கை இல்ல. போன தடவை வந்தவரு எறங்குனதுமே கோழி கேட்டாரு. அப்புறம் ஐஸு கேட்டாரு. பெங்களூருலேர்ந்து பஸ்ஸு மேல வந்துச்சே, மரத்தூளுல பொதைச்சு...

வெங்கடப்பன்: நீதான தூக்கிட்டு வந்தே.

திம்மராயன்: நாந்தான். வர்ற வழியில முதுகுல ஒழுகுச்சு பாரு, நமக்கு வாய்ச்ச ஐஸு அவ்வளவுதான்.

வெங்கடப்பன்: இவரு நல்ல தொரை. ஒண்ணும் கேக்கல.

திம்மராயன்: ஒண்ணும் கேக்காத தொரையா? அப்பக் கட்டாயம் பாக்கணும். ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடறேன்...

வெங்கடப்பன்: வேணாம்ணா. கதவத் தொடாத.

திம்மராயன்: சரி, சரி. உனக்கு என்னாத்துக்கு இப்படி வேர்க்குது? இழுக்கறவன் நானு.

வெங்கடப்பன்: வெயிலு. ஆமா... வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணி தெளிக்க வந்த நாகம்மா அண்ணி எங்க?

திம்மராயன்: தெளிச்சுட்டு அப்பவே போயிருப்பா. அவள விடு. சர்க்காரு உனக்குக் கட்டிக் குடுத்த தகரக் கொட்டாயி, அடுப்புல கவுத்த சட்டியாட்டம் காயுமே... முனிலட்சுமி நெறமாசத்தோட அதுல எப்படிப் படுத்திருக்கா?

வெங்கடப்பன்: அவ... இங்க இல்ல. நாகரசம்பட்டி. அக்கா ஊட்டுக்கு.

திம்மராயன்: நெறமாசக்காரியப் பஸ்ஸு ஏத்தி அனுப்புனியா? நல்ல புருசன்.

வெங்கடப்பன்: பேச்சுல கயிறு தளருதுண்ணா.

திம்மராயன்: நேத்து மயங்கி விழுந்தாளாமே. மருத்துவச்சி கெம்பம்மா என்னா சொன்னா?

வெங்கடப்பன்: குளிர்ச்சியான எடத்துல படுக்க வைக்கணுமாம். இல்லாட்டி ரெண்டு உசுருக்கும் ஆபத்தாம். சொல்லிட்டுப் போயிட்டா... குளிர்ச்சியான எடத்துக்கு நான் எங்க போவேன்? ஊட்டிக்கா?

திம்மராயன்: ஊட்டி என்னாத்துக்கு? தொரை கட்டிலு சும்மாதான கெடக்குது.

வெங்கடப்பன்: கயித்தப் பாத்து இழுண்ணா.

திம்மராயன்: இப்பத் தொரை பொரண்டு படுத்தாரு. வளையல் சத்தம் கேட்டுச்சு.

வெங்கடப்பன்: அண்ணா... உன் கால்ல விழறேன். தாசில்தாருக்குத் தெரிஞ்சா எங்கள வெளிய தள்ளிடுவாங்க. உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?

திம்மராயன்: காலையில கயித்தக் குடுக்கறப்ப, "நல்லா வீசட்டும்ணா"ன்னியே. எந்தத் தொரைக்காவது அப்படிச் சொல்லியிருக்கியா நீ?

வெங்கடப்பன்: தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் நிறுத்தாம இழுத்தே? உனக்குப் பெரிய மனசுண்ணா.

திம்மராயன்: மனசாவது மண்ணாங்கட்டியாவது. உள்ள போயி முனிலட்சுமியக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு. காலையில பின்கதவத் தெறந்து இன்னொருத்தியையும் உள்ள விட்டதே அவதான்... கட்டிலுக்குக் கீழ படுத்தா காத்து எட்டலைன்னு எம் பொண்டாட்டி நாகம்மா அப்பலேர்ந்து எந்திரிச்சு எந்திரிச்சு ஜன்னல்ல சாடை காட்டிக்கிட்டு இருக்கா.