பெட்டி சுமந்தவன்

ஹாட்ரனில் அந்த ஆண்டு பேரிக்காய் நன்றாகக் காய்த்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டாகவும் இருக்கலாம். அதே இருபத்திரண்டு ஊர்களை அதே வரிசையில் பத்தொன்பது வருடம் சுற்றிய நடுவனுக்கு ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. மாதத்தையோ ஊரையோ நான் மாற்றிச் சொன்னால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். என்ன செய்தேன் என்பதில் மாற்றம் இருக்காது.

என்னை விசாரிக்க வந்திருக்கும் உங்களில் சிலர் மலைப்பக்கம் வந்ததில்லை. எங்கள் சுற்றில் சிறை கிடையாது. நடுவர் யாரைக் குற்றவாளி என்கிறாரோ அவர் வழக்கு ஏடுகள் இருக்கும் நீதிப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடுவரோடு நடக்க வேண்டும். வழியில் வேறொருவர் குற்றவாளி ஆகும்போது பெட்டி அவர் தோளுக்கு மாறும். முதலாமவர் வீட்டுக்குப் போகலாம். கொலைகாரனை மட்டும் சுற்று முடிந்ததும் கீழே கோட்டைக்கு அனுப்புவோம். பெட்டியை விட்டு நூறு தப்படி விலகினால் சுமப்பவரின் தோள் தீப்பட்டதுபோல் எரியும். மன்றத்தில் கேட்டதை வெளியே சொல்ல வாயெடுத்தால் நாக்கு மரத்துப்போகும். அதனால் காவல் தேவைப்பட்டதில்லை. சாதாரணமாக ஒருவர் சுமப்பது இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம்.

கோவ்ரெல் ஒன்பது வருடம் சுமந்தான்.

அவன் உல்வா ஊர்க்காரன். வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரனின் ஆட்டுக் கயிற்றை அறுத்துவிட்டான். ஆடு பள்ளத்தில் விழுந்து செத்தது. ஆமாம், நான்தான் அறுத்தேன் என்று அவனே சொன்னான். அவன் மனைவி முன்பே இறந்திருந்தாள். மீரெத் என்று பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அவளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, பனி விழுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினான்.

அவனுக்கு முன்னால் வந்தவர்கள் அழுதார்கள், சபித்தார்கள். ஒருத்தி என் கஞ்சியில் துப்பினாள். கோவ்ரெல் நடந்தான். வரப்போகும் பனியை மூன்று நாள் முன்பே சொல்வான். உலர்ந்த மீனைப் பிய்த்துப் போட்டு அவன் காய்ச்சும் வாற்கோதுமைக் கஞ்சியை வேறு யாராலும் காய்ச்ச முடியவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனுமாக உட்கார்ந்திருப்போம். ஒரு வார்த்தை இருக்காது. பேசாமல் ஒருவரோடு இருக்க முடியும் என்பதை ஐம்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒருவன் தேன்கூடு திருடிய வழக்கில் நின்றான். சாட்சி கொஞ்சம் தடுமாறினார். விடுவித்தேன். சாட்சி தடுமாறியதால்தான் விடுவித்தேன் என்று அப்போது நம்பினேன். பெரும்பாலும் இப்போதும் நம்புகிறேன். அதன் பிறகு எல்லாச் சாட்சிகளும் எனக்குக் கொஞ்சம் தடுமாறுவதாகவே பட்டது.

இரக்கமுள்ள நடுவர் என்று பேர் வந்தது. ஊர் எல்லையிலேயே பெண்கள் தேன் பிசைந்த மாவோடு நின்றார்கள். முதல் வருடம் கோவ்ரெலும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான்.

"அய்யா, இந்த மலையில ஒரு கோழித் திருடன்கூடவா மிச்சமில்ல? நாந்தான் கடைசி அயோக்கியனா?"

நான் சிரித்தேன். இரண்டாம் வருடத்திலிருந்து அவன் அதைச் சொல்லவில்லை. நான்காம் வருடம் ஒரு நாள், பெட்டியின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"இன்னைக்கு விட்டீங்களே, அவன் செஞ்சானா இல்லையா?"

"சாட்சி போதல, கோவ்ரெல்."

"நான் சாட்சியக் கேக்கலய்யா."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. எங்கள் மௌனம் முன்பைவிட நீண்டது. அது எனக்குக் குறையாகப் படவில்லை.

ஆறாம் வருடம் ஹாட்ரனில் தோர்வன் என்ற ஆலைக்காரனை நிறுத்தினார்கள். அவன் மனைவி ஆலைக் குட்டையில் மிதந்தாள். அவள் மணிக்கட்டுகளில் கயிற்றுத் தடம் இருந்தது. அந்தக் கயிற்றைத் தோர்வன் அலசியதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவளுடைய தம்பி சொன்னான். தம்பிக்கும் தோர்வனுக்கும் பழைய பகை இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு விடுவித்தேன்.

மறு வருடம் உல்வாவின் ஆற்றுத்துறையில் வழக்கம்போல மீரெத் காத்திருந்தாள். வருடத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், அப்பாவும் மகளும் அங்கே பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு அப்போது பத்தொன்பது. அப்பாவுக்கு ரொட்டியும், எனக்குத் தனியாக ஒரு பொட்டலமும் கொண்டுவந்திருந்தாள். தோர்வனுக்குத் தன்னைப் பேசி முடித்திருப்பதாகச் சொன்னாள்.

கோவ்ரெல் வாயைத் திறந்தான். நாக்கு மரத்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் அப்படி என்னைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மீரெத் என் பக்கம் திரும்பினாள். "ஊர்ல ஒருத்தர் ஒண்ணு சொல்றாங்க, இன்னொருத்தர் வேற சொல்றாங்க. விசாரிச்சது நீங்கதானே, நடுவரய்யா. நீங்க சொன்னா எனக்குப் போதும்."

அவன் கொன்றான் என்று நான் சொன்னால், ஏன் விட்டேன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் பல கேள்விகள் வரிசையாக நின்றன. ஏட்டில் என்ன எழுதியிருந்தேனோ அதைச் சொன்னேன்.

"அவர்மேல குற்றம் இல்லம்மா."

அவள் முகம் தெளிந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குள் எவனாவது ஒருவன் திருடித் தொலைக்க மாட்டானா, நீயும் வந்துவிடலாமே என்றாள். பிறகு நாங்கள் ஆற்றைக் கடந்தோம்.

அடுத்த சுற்றில் உல்வாத் துறையில் அவள் இல்லை; மணமாகி ஹாட்ரனுக்குப் போயிருந்தாள். ஹாட்ரனில் அவள் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். அதற்கடுத்த சுற்றில் நாங்கள் போவதற்கு நான்கு நாள் முன்பு அவளை அதே குட்டையிலிருந்து எடுத்திருந்தார்கள். மணிக்கட்டில் அதே தடம்.

இந்த முறை சாட்சிகள் ஆறு பேர். ஒருவரும் தடுமாறவில்லை. தோர்வன்கூட அதிகம் மறுக்கவில்லை. ஊர் முழுவதும் கூடியிருந்தது. கோவ்ரெல் பெட்டியோடு என் வலப்பக்கம் நின்றிருந்தான். நான் ஒரு சொல் சொன்னால் பெட்டி தோர்வன் தோளுக்குப் போகும். கோவ்ரெல் மகளைப் புதைக்கப் போவான், திரும்பி வரமாட்டான். அடுத்த நாள் காலையில் கஞ்சி காய்ச்ச யாரும் இருக்கமாட்டார்கள் என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. கஞ்சியைப் பற்றியா நினைத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அதைத்தான் நினைத்தேன்.

இறந்தவள் பெட்டி சுமப்பவனின் மகள்; சுமப்பவனின் விடுதலை இந்தத் தீர்ப்பில் அடங்கியிருக்கிறது; ஆகவே சாட்சியங்களில் சார்பு கலந்திருக்க வாய்ப்புண்டு. இப்படி எழுதினேன். ஏட்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். எழுத்தில் ஒரு பிழை இல்லை. தோர்வனை விடுவித்தேன்.

பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார், மற்றவர்களும் போனார்கள். மீரெத்தை ஊர்க்காரர்களே புதைத்தார்கள். இடுகாடு நூறு தப்படிக்கு மேல் இருந்தது. பெட்டியோடு போய்வா, நான் இருக்கிறேன் என்றேன். கோவ்ரெல் பெட்டியின் வாரை இழுத்துக் கட்டினான்.

"கெளம்பலாம்யா. மேகம் கூடுது," என்றான்.

அன்று மாலையும் கஞ்சி காய்ச்சினான். ருசியில் வித்தியாசம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். தோர்வன் ஆலையை நடத்துகிறான். இந்த வசந்தத்தில் மூன்றாவதாக ஒருத்தியை மணந்தான். முதல் மனைவியின் தம்பி ஊரை விட்டுப் போய்விட்டான். கோவ்ரெலின் அக்கா இறந்தாள். ஹாட்ரன்காரர்கள் இப்போது எந்த வழக்கையும் நடுவரிடம் கொண்டுவருவதில்லை, அவர்களே முடித்துக்கொள்கிறார்கள். கோவ்ரெல், தன் மகள் இறந்த பதினோராம் மாதம், மேல் கணவாயில், விடியும் நேரத்தில் இறந்தான். அவன்மேல் கல் அடுக்க எனக்கு அரை நாள் பிடித்தது. அங்கிருந்து பெட்டியை நானே சுமந்து இறங்கினேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

என்னைக் குற்றவாளி என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. அவனைத் தனியாக விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மகளும் போன பிறகு அவனுக்கு வேறு யாருமில்லை. கடைசிவரை நான் கூடவே இருந்தேன்.