பதர் அடைத்த சுவர்

கதை நடந்த நேரம் பகல் பன்னிரண்டு மணி. ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? பேய் இரவில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வன்னியில் அவை உச்சி வெயிலுக்கே எழும்பிவிடும். விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள்... ஆ, காணும், இவ்வளவு போதும்.

ஐம்பத்தைந்தாம் வருடம், பங்குனி மாதம். கிளிநொச்சிக்குத் தெற்கே குளத்தடி ரோட்டு. ஈ, காக்கை இல்லை. காக்கை இருந்ததுதான், பறக்கும்போதே பொரிந்து விழுந்துவிட்டது. நான் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு காக்கை.

அந்த ரோட்டில் வெறும் வண்டியோடு வந்தவர் வீரகத்தி. என் கூட்டாளி நடராசாவின் மச்சான், ஆகவே பொய்க்கு இடமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி ஒரு வருடம். அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு, ஒற்றைக்கல் சுவர். பின்னேரம் மேற்குச் சுவரில் தோசை சுடலாம். எட்டு மாதக் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம், விடாத காய்ச்சல்.

"பிள்ளை அவிஞ்சு சாகப்போகுது. இந்தச் சுவருக்கு ஏதும் செய்யுங்கோ. இல்லாட்டி நான் அம்மாட்டைப் போறன்" என்று மனைவி அருந்ததி சொல்லிவிட்டாள்.

வழி சொன்னவர் மீன் வியாபாரி அப்துல் மஜீத். கொக்கிளாய் மீனுக்கு அவர் ஐஸ் வைக்கும் பெட்டிக்கு இரட்டைப் பலகை, இடையில் உமி. "உமிக்குள்ளால வெயில் போகாது தம்பி. வூட்டையும் ஒரு மீன்பெட்டியா நெனைங்க" என்று பகிடி விட்டார். வீரகத்திக்கு அது பகிடியாகப் படவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு உள்ளே மண்சுவர் எழுப்பினார். நிரப்பத்தான் உமி கிடைக்கவில்லை. ஆலை உமி முழுவதும் செங்கற் சூளைக்குப் போய்விட்டது.

ஆலையிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பும் வழியில்... ரோட்டோரம் ஆளில்லாத நெற்களம். நடுவே ஆளுயரப் பதர்க் குவியல். அந்தப் பகுதி ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள். நெல் வீட்டுக்கு, பதர் களத்துப் பூதத்துக்கு. புதிதாய் வந்தவருக்கு இதை யார் சொன்னார்கள்?

"ஆரும் இருக்கிறியளோ?"

காற்றில்லை. ஆனாலும் குவியல் சர்ர்... என்று ஒரு பக்கம் சரிந்தது. படுத்த ஆள் புரண்டது போல.

"அப்ப நான் ஏத்துறன்" என்றார் வீரகத்தி.

சுவர் நிறைந்தது. அன்று பின்னேரமே வீடு குளிர்ந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. அருந்ததி சுவரில் கன்னத்தை வைத்துச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் குசினியில் சோறு கொதித்தது, ஆவி பறந்தது... வாயில் வைத்தால் குளிர். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளி வீரகத்தியின் காலில் விழுந்தது. தோல் கருகிய மணம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"காலிலை நெருப்பு" என்றாள் அருந்ததி, மழை தூறுது என்பது போல.

"ஓம்."

அவ்வளவுதான். பிள்ளையும் அழுவதை விட்டுவிட்டது. பசிக்கும் அழவில்லை. ஏணைத் தொட்டிலில் கிடந்து சுவரையே பார்த்தது. சுவருக்குள் சர்ர்... சர்ர்...

ஏழாம் நாள் அருந்ததி பிள்ளையைத் தூக்கினாள். பாரமே இல்லை, தூக்கிய வேகத்தில் கை தலைக்கு மேலே போய்விட்டது.

"இஞ்சேருங்கோ... இதுக்குள்ளை பிள்ளை இல்லை."

அப்போதும் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

வீரகத்தி மண்வெட்டியால் சுவரைக் கொத்தினார். கொட்டியது பதர் அல்ல. நெல். ஒவ்வொன்றும் கொழுத்து முற்றிய நெல். தொட்டால் சுட்டது, காய்ச்சற்காரப் பிள்ளையின் நெற்றி போல. மூக்கில் அடித்தது முலைப்பால் மணம்.

அத்தனையையும் வண்டியில் ஏற்றிக் களத்தில் கொட்டி, விழுந்து கும்பிட்டார். நிமிர்ந்தபோது ஒரு மணி நெல்லும் இல்லை. வீடு வந்து சேர்ந்ததும் கால் புண் நொந்தது. ஊருக்கே கேட்கக் கத்தினார். அருந்ததி அழுதாள். பிள்ளையும் வீரிட்டது. எல்லாம் திரும்பிவிட்டது என்றே நினைத்தார்கள்.

பிள்ளைக்கு நாலு வயதானபோது நான் போய்ப் பார்த்தேன். உருண்டு திரண்ட கன்னம். சோளகக் காற்றுத் தொடங்கும் காலம் அது. அருந்ததி பிள்ளையின் இடுப்பில் சீலைத்துண்டு சுற்றிக் கதவுநிலையோடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓடிப்போடுமெண்ட பயமோ, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"ஓடினால் பிடிக்கலாம், அண்ணை" என்றாள். முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

வெளியே காற்று எழும்பியது. சீலைத்துண்டு மெல்ல விறைத்தது... மேல்நோக்கி.